கச்சதீவுத் திருவிழாவிலிருந்து தங்கச்சிமடம் போகலாமா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம் குருநகர். அம்மம்மாவின் தங்கச்சி கலியாணம் செய்து இந்தியாவில், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் இருக்கிறா. வருகிற கச்சதீவு அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு அவவின் பிள்ளைகள் வருகிறார்கள். 'கச்சதீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்தானே, அம்மம்மாவை எங்கட வள்ளத்தில் ஏத்தி விடுங்கோ, நாலு நாள் தங்கச்சியோடு இருந்திட்டு வரட்டும்' என்கிறார்கள். அம்மம்மாவுக்கும் ஆசை. சட்டப்படி இது சரிதானா?

பதில்: சரியில்லை. ஏற்றி விடாதீர்கள். கச்சதீவில் இரண்டு கரைச் சனமும் சந்திக்கலாம். அங்கிருந்து எதிர்க்கரைக்குக் கடக்க முடியாது. இந்தப் பக்கம் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறியவர் குறிகட்டுவானுக்கும், இராமேஸ்வரத்தில் ஏறியவர் இராமேஸ்வரத்துக்கும்தான் திரும்ப வேண்டும்.

'பாஸ்போர்ட் வேண்டாம்' என்ற பேச்சு 1974 ஜூன் மாத ஒப்பந்தத்திலிருந்து வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம், எல்லைக்கோட்டைக் கச்சதீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் போட்டது. தீவு இலங்கைப் பக்கம் வந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்காக இலங்கை அவர்களிடம் பயணப் பத்திரமோ வீசாவோ கேட்காது என்கிறது அதன் ஐந்தாவது உறுப்புரை. கவனித்துப் பாருங்கள்: சலுகை அவர்களுக்கு, அதுவும் அந்தத் தீவு வரைக்கும்தான். நீங்களும் அம்மம்மாவும் அங்கே போவது நெடுந்தீவுக்குப் போவதுபோல உள்நாட்டுப் பயணம், ஆகவே அடையாள அட்டை போதும். அங்கிருந்து இந்திய வள்ளத்தில் ஏறினால், அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் இல்லாத இடத்தால் நாட்டை விட்டு வெளியேறிய குற்றம் வரும். அந்தக் கரையில் இறங்கினால் வீசா இல்லாமல் நுழைந்த குற்றமும் சேரும். வயதானவ என்று எந்தக் கரையிலும் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

உங்கள் தங்கச்சிமடத்து உறவுகள் பொய் சொல்லவில்லை, அவர்கள் சொல்வது பழைய கதை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறையிலிருந்து பாய் விரித்துப் போன வள்ளங்களுக்கு நாகபட்டினமும் வேதாரணியமும் பக்கத்து ஊர்கள். கலியாணம், வியாபாரம், கோயில் நேர்த்தி எல்லாம் கடல் தாண்டி நடந்தன. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் கடவுச்சீட்டும் வீசாவும் இந்தக் கடலுக்குள் புகுந்தன. அம்மம்மாவின் தங்கச்சி அந்தத் திகதிக்கு முன்பே வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தால், ஒரு முத்திரையும் குத்தாமலே போயிருப்பா. அதற்குப் பிறகும் வழி அடைபடவில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1914 முதல் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, 'இராமானுஜம்' கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது. கச்சதீவுத் திருவிழாவும் பல வருடம் நடக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் திருவிழா மணலில் சோப்புக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் சேலையும் கைலியும் பண்டமாற்றாகக் கைமாறியதை அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்காகச் சொல்லுவா.

தங்கச்சியின் வீட்டிலேயே நாலு நாள் இருப்பதுதான் ஆசை என்றால், அதற்கு இன்று நேரான வழி உண்டு: காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல். 2023 அக்டோபரில் 'செரியபாணி' ஓடத் தொடங்கியது, பருவமழையால் சில நாள்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' தொடர்ந்தது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் அளவில். கடவுச்சீட்டும் இந்திய வீசாவும் கட்டாயம். இணையத்தில் எடுக்கும் ஈ-வீசா, பட்டியலில் உள்ள விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும். ஆகவே பணம் கட்டுமுன், நீங்கள் எடுக்கும் வீசா நாகபட்டினத்தில் இறங்க ஏற்குமா என்று யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாரிகாலத்தில் கடல் குழம்பினால் கப்பல் நிற்கும், அந்த மாதங்களை விட்டு விடுங்கள். நாகையிலிருந்து தங்கச்சிமடத்துக்குத் தரைவழி இன்னும் அரை நாள் பிடிக்கும்.

அதற்காகக் கச்சதீவை விட்டுவிடச் சொல்லமாட்டேன். தங்கச்சிக்கு வள்ளம் ஏறும் தெம்பு இருந்தால், கடவுச்சீட்டே எடுக்காமல் அக்காவும் தங்கச்சியும் ஓரிரவு பக்கத்தில் இருக்கக் கிடைக்கும் இடம் வேறு இல்லை. ஆனால் அவர்கள் வருவது உறுதியா என்று கடைசி வாரத்திலும் கேளுங்கள். 2024 இல், தங்கள் மீனவர்களை இலங்கை சிறையிட்டதைக் கண்டித்து இராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்ததால், இந்தியாவிலிருந்து யாத்திரிகர்கள் வரவில்லை. கரையில் எவ்வளவு பேர் ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள், கொடிமரத்தடி என்றால் யாருக்கும் தெரியும். தீவில் குடியிருப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. அம்மம்மாவின் மருந்து, குடிக்கத் தண்ணீர், விரிக்கப் பாய் கொண்டு போங்கள். குறிகட்டுவானில் ஏறும்போது மாற்றுச் சேலை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்திருங்கள், நெடுந்தீவு தாண்டினால் கடல்தண்ணி மேலே அடிக்கும்.