சிடிகளைக் கோப்புகளாக மாற்றக் காசு கொடுக்கலாமா? – கேள்வி பதில்

என்னிடம் அறுநூற்றுச் சொச்சம் சிடிகள் இருந்தன. பாதியை நானே உட்கார்ந்து மாற்றினேன். பொறுமை தீர்ந்ததும் மீதியைக் கூலிக்கு மாற்றித் தருபவர்களிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் அடிபட்டவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். சரி, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 400 சிடி வைத்திருக்கிறேன் சார். நானே மாற்றுவதா, காசு கொடுத்து மாற்றுவதா?

ஒரு சிடியைப் படிக்க, பெயர்களைச் சரிபார்க்க, எடுத்து வைக்க என்று 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 400 சிடிக்கு 4000 நிமிடம், கிட்டத்தட்ட 67 மணி நேரம். படிக்கும் வேலையைக் கணினியே செய்துவிடும். நீங்கள் தட்டை மாற்றினால் போதும். முதல் ஐம்பது வரை ஜாலியாகத்தான் போகும். பழைய அட்டைகளைப் புரட்டிக்கொண்டே செய்யலாம். நூறைத் தாண்டினால் அலுப்புத் தட்டும். 100 சிடிக்குள் இருந்தால் நீங்களே செய்யுங்கள். அதற்கு மேல் என்றால் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். சிடியைப் படிக்க யாராலும் முடியும். சரியாகப் படித்தோமா என்று சோதிப்பதும், பாடல் பெயர்களை ஒழுங்காக எழுதுவதும்தான் காசு பெறும் வேலை.

கேள்வி: எம்பி3 போதும், ஃப்ளாக் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) எல்லாம் வீண் செலவு என்கிறான் நண்பன். உண்மையா?

கேட்கும்போது வித்தியாசம் தெரியாது என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். 320 கிலோபிட் எம்பி3க்கும் சிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என் காதாலும் முடியவில்லை. ஆனால் இது ஒரு முறை செய்யும் வேலை. ஃப்ளாக்கில் ஒரு துளியும் குறையாது. நாளைக்கு எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யிலிருந்து சிடியின் தரத்துக்குத் திரும்ப வழியே இல்லை.

இடமும் பெரிய கவலை இல்லை. ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் 635 எம்பி, ஃப்ளாக்கில் தோராயமாக 350. 400 சிடி இருந்தாலும் 140 ஜிபிதான் வரும். ஆப்பிள் கருவிகள் மட்டுமே வீட்டில் உண்டு என்றால் ஆப்பிளின் சொந்தக் கோப்பு வகையான ஏலாக் என்று கேளுங்கள். அதிலும் எதுவும் குறையாது.

கேள்வி: கூடுதல் கட்டணம் கொடுத்தால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் தருகிறார்களாம்...

வேண்டாம். ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது என்பதன் அளவுதான் இந்த எண்கள். சிடியில் இருப்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். கிணற்றில் இல்லாத தண்ணீர் வாளிக்கு எப்படி வரும்? கோப்பு பெருக்கும், அவ்வளவுதான். இதைத் தூக்கிப் பிடித்து விற்பவர்களிடம் மற்ற விஷயங்களையும் இரண்டு முறை கேட்டுக்கொள்வேன்.

கேள்வி: அவர்கள் சரியாகத்தான் எடுத்தார்கள் என்று எப்படி நம்புவது? 400 சிடியையும் உட்கார்ந்து கேட்கவா முடியும்?

நல்ல கேள்வி. கணினிக் கோப்புகள் வைக்கும் டேட்டா சிடியில் பிழை திருத்தத்துக்கு ஒரு அடுக்கு கூடுதலாக உண்டு. படிக்க முடியாவிட்டால் கணினி ‘பிழை’ என்று நின்றுவிடும். இசை சிடியில் அந்த அடுக்கு கிடையாது. கீறல் பெரிதாக இருந்தால் டிரைவ் தன் போக்கில் அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போய்விடும். ஒரு நாள் இரவு ஹெட்ஃபோனில் கேட்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

இதற்குத்தான் அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம். அதே சிடியை உலகத்தில் மற்றவர்கள் எடுத்தபோது கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும். முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு வந்த அதே எண் உங்களுக்கும் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அரிய சிடி என்றால் அந்தப் பட்டியலில் இருக்காது. அப்போது இரண்டு முறை படித்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: “ஒவ்வொரு சிடிக்கும் லாக் கோப்பு (எப்படிப் படித்தது, பிழை வந்ததா என்ற குறிப்பு) தருவீர்களா?” தருகிறேன் என்றால் மேலே பேசுங்கள். “அதெல்லாம் எதுக்கு சார்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: பாடல் பெயர்கள் தானாக வந்துவிடுமே, அதில் என்ன பெரிய வேலை?

எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலான சிடிகளில் பாடல் பெயரே எழுதப்பட்டிருக்காது. எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, இவ்வளவுதான் தட்டில் இருக்கும். மென்பொருள் அந்த நீளங்களைக் கொண்டு மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தளங்களில் தேடி, யாரோ ஒரு புண்ணியவான் தட்டச்சு செய்து வைத்ததை எடுத்து ஒட்டும். புண்ணியவான் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்கும் அதே தப்பு.

நான் கூலிக்குக் கொடுத்ததில் இதுதான் வினையானது. ஒரே பாடகி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிட்டார். பலர் பாடிய ஒரு தொகுப்பு பதினான்கு ஆல்பமாகச் சிதறிக் கிடந்தது, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாட்டு! ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் ‘பல்வேறு கலைஞர்கள்’ என்று போட்டதும் சிதறியது ஒன்றாகச் சேர்ந்தது. சாஸ்திரிய இசை இன்னும் மோசம். இயற்றியவர் பெயர் பாடியவர் இடத்தில், ராகத்தின் பெயர் ஆல்பத்தின் இடத்தில். திருத்த எனக்கு இரண்டு வார மாலைகள் போயின.

அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். முதலில் பத்து சிடி போதும். சுலபமானவற்றைக் கொடுக்காமல் ஒரு தொகுப்பு, ஒரு சாஸ்திரிய இசை, இரட்டை சிடி ஒன்று, கீறல் விழுந்தது ஒன்று என்று வம்பு பிடித்தவையாகப் பொறுக்கிக் கொடுங்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கேள்வி: கீறல் விழுந்த சிடிக்குப் பற்பசை தேய்க்கலாமா அண்ணா?

அடிப்பக்கத்தில் லேசான கீறல் என்றால் பயப்பட வேண்டாம், முதலில் அப்படியே போட்டுப் பாருங்கள். துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் புதுக் கீறல் டிராக் போகும் திசையிலேயே விழும், அது ஆபத்து. பற்பசையைக் கடைசி முயற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாதது, பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் பலவீனமானது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காக்கிறது. மேலே உலோகப் பூச்சுக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. அதற்கு எந்தப் பற்பசையும் உதவாது.

கேள்வி: நேரடிக் கச்சேரி சிடியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கைதட்டல் வெட்டுப்படுகிறதே?

எம்பி3யின் பழைய வியாதி. அதன் அமைப்பால் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளாக்கில் அது கிடையாது. அப்படியும் வெட்டினால் உங்கள் பிளேயரில் ‘கேப்லெஸ்’ (இடைவெளி விடாமல் அடுத்த பாட்டுக்குப் போகும்) வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நாங்களே கணினியில் பதிந்து எழுதிய சிடிகளும் ஒரு கட்டு இருக்கின்றன. அவசரமா?

அவைதான் முதல் அவசரம். கடையில் வாங்கியவை அச்சில் அழுத்தியவை, எழுதியவை சாயத்தில் நிற்பவை. சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். வீட்டு விசேஷத்தில் பதிந்த பாட்டி குரல் மாதிரி வேறெங்கும் கிடைக்காதது இருந்தால் இந்த வாரமே எடுங்கள். அதைத் தபாலில் அனுப்பாதீர்கள். நீங்களே எடுங்கள்.

கேள்வி: மாற்றி முடித்ததும் சிடிகளை விற்றுவிடலாமா?

சொந்தத் தேவைக்குப் பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2014-இல் அனுமதித்தார்கள், 2015-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விற்காதீர்கள். பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை விற்பது நியாயமாகப் படவில்லை. அதோடு, ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் அந்தத் தட்டுகள்தான் துணை.

கேள்வி: வேலை முடிந்து ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்தாயிற்று. முதலில் என்ன செய்ய?

பாட்டுக் கேட்காதீர்கள்! முதலில் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். அப்புறம் அனுப்பிய சிடிகளின் பட்டியலையும் வந்த ஃபோல்டர்களையும் எண்ணிப் பாருங்கள். எனக்கு ஏழு குறைந்தது. ஐந்து அவர்களிடமே விட்டுப்போயிருந்தன. மீதி இரண்டும் என் கார் பிளேயருக்குள்ளும் அதன் பக்கத்துப் பெட்டியிலும் இருந்தன, நான் அனுப்பவே இல்லை.