முன்சீப்பாகச் சேர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவாளா?

வணக்கம். என் மகள் சட்டம் முடித்துவிட்டாள். சிவில் நீதிபதி தேர்வு (கீழ்ப்படி நீதிபதியான முன்சீப் வேலைக்கானது) எழுதப் போகிறாளாம். வக்கீலாக இருக்கும் என் தம்பி, 'முன்சீப்பாகப் போனால் ஊர் ஊராக மாற்றல்தான் மிச்சம், பிராக்டிஸ் பண்ணினால்தான் மேலே வரலாம்' என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தச் சண்டையை மூன்று வருடம் தள்ளிப்போடலாம். குறைந்தது 3 ஆண்டு வழக்கறிஞராக இருந்தவர்கள்தான் அந்தத் தேர்வை எழுதலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. (2002-இல் அதே நீதிமன்றம் எடுத்துவிட்ட விதிதான்!)

மேலே வருவது பற்றி. பாத்திமா பீவி 1958-இல் கேரளத்தில் முன்சீப்பாகச் சேர்ந்தவர். படிப்படியாக ஏறி 1983-இல் உயர் நீதிமன்றத்துக்கும், 1989-இல் முதல் பெண் நீதிபதியாக உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். ஆனால் உங்கள் தம்பி சொல்வதும் பொய்யில்லை. அவரைப் போல ஏறியவர்கள் குறைவு. நடுவில் நுழையவும் வழி உண்டு. 7 ஆண்டு பிராக்டிஸ் இருந்தால் நேரடி மாவட்ட நீதிபதி தேர்வு எழுதலாம். ஆர். பானுமதி 1988-இல் தமிழ்நாட்டில் அப்படிச் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்.

சரி, பதவி உயர்வை வைத்து இந்த வேலையை எடைபோடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இதில் கனமான பகுதி கீழ்ப்படியில் இருக்கிறது. இந்தத் தேர்வில் வருகிறவர்கள்தான் குற்றவியல் நடுவராகவும் (மாஜிஸ்திரேட்) உட்காருவார்கள். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ஞாயிறா, நடுராத்திரியா என்ற பேச்சே இல்லை. போலீஸ் நடுவரின் வீட்டு வாசலுக்கே கூட்டிவரும். தூக்கக் கலக்கத்தோடு ரிமாண்ட் ரிப்போர்ட்டை (கைதானவரைக் காவலில் வைக்கச் சொல்லி போலீஸ் கொடுக்கும் அறிக்கை) படித்து, போலீஸைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 'எப்போது பிடித்தார்கள்? அடித்தார்களா? வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா?' என்று கேட்க வேண்டும். சில நேரம் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் சாட்சிகள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் பெரும்பாலும் பார்ப்பது காகிதத்தைத்தான். சாட்சி எந்தக் கேள்விக்குத் தடுமாறினார், யார் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார் என்பது விசாரணை நீதிபதிக்குத்தான் தெரியும். அதைக் குறித்துவைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தனி விதியே உண்டு.

மாற்றல் இருக்கத்தான் செய்யும். அதைவிடத் தொல்லை, இத்தனை வழக்கு முடித்தாக வேண்டும் என்ற கணக்கு. அதற்காகச் சுலபமானதை முடித்துவிட்டு, பழைய பாகப்பிரிவினை வழக்கை வாய்தா மேல் வாய்தாவாக ஓட்டத் தோன்றும்.

இந்த மூன்று வருடத்தில் சிவில் ஆபீஸ் மட்டும் போதாது. ஜாமீன், ரிமாண்ட் பார்க்கும் ஒரு சீனியரிடமும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லுங்கள்.