சிலந்திக் கடியும் பிட்சிக்கா ஆட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் இத்தாலியின் பிட்சிக்கா ஆட்டத்தை ஒரு காணொளியில் பார்த்தேன். சிலந்தி கடித்தவர்களை மேளம் அடித்து ஆடவைத்தே குணப்படுத்தினார்களாம். இப்போது அதே தாளத்தை வைத்து 'நோய் தீர்க்கும் நடனம்' என்று பயிலரங்கு நடத்துகிறார்கள். என் மனைவி ஒன்றில் சேரப் பணம் கட்டியிருக்கிறாள். ஆடினால் விஷம் இறங்குமா?

க., கோவை

அன்புள்ள க.,

இறங்காது. பெரும்பாலோருக்கு விஷம் ஏறவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பிட்சிக்கா பிறந்த தென் இத்தாலியின் சலென்டோ பகுதியில் பழியைச் சுமந்த பெரிய தரந்துலாச் சிலந்தி மனிதருக்கு அதிகம் தீங்கு செய்யாதது. உடம்பை முறுக்கிப் போடுவது வேறொரு சிறிய கறுப்புச் சிலந்தி. ஆனால் எந்தச் சிலந்தியை வைத்தும் ஒன்றை விளக்க முடியாது: ஒருமுறை கடிபட்டவளுக்கு வருடாவருடம் ஜூன் மாதம் வந்தால் அதே கடி திரும்ப வந்தது.

1959-ல் எர்னஸ்டோ தெ மர்த்தினோ என்ற ஆய்வாளர் மனநல மருத்துவர், இசை ஆய்வாளர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கடிபட்டவர்கள் என்று அவர்கள் கண்டறிந்த 37 பேரில் 32 பேர் பெண்கள். முதல் கடி பலருக்கும் பருவ வயதை ஒட்டி வந்திருந்தது. விசாரித்தால் கை கூடாத காதல், பிடிக்காத கல்யாணம், வீட்டில் ஒரு சாவு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அந்தப் பெண்களுக்கு இடமில்லை. சிலந்தி கடித்தது என்றால் மட்டும் ஊர் காது கொடுத்தது.

அந்தக் காலத்தில் சிகிச்சை வீட்டிலேயே நடக்கும். தரையில் வெள்ளைத் துணி, அதன்மேல் வெள்ளை உடையில் கடிபட்டவள். சுற்றி வயலின், அக்கார்டியன், கிடார், நம் கஞ்சிராவைப் பெரிதாக்கியது போன்ற தம்புரெல்லோ. வயலின் வாசித்த லூயிஜி ஸ்டிஃபானி, நார்தோ ஊரில் முடிதிருத்துபவர். வாத்தியக்காரர்கள் எடுத்த எடுப்பில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு மெட்டை வாசித்துப் பார்ப்பார்கள். அவள் அசையாவிட்டால் இன்னொன்று. எதற்கு அவள் உடம்பு துடிக்கிறதோ அதுதான் அவளைக் கடித்த சிலந்தியின் மெட்டு. சிலந்திகளில் சோகமானது, சரசமானது என்றெல்லாம் வகை உண்டு. வண்ண நாடாக்களையும் அப்படித்தான் காட்டிப் பார்ப்பார்கள். அவள் மல்லாந்து தரையில் ஊர்வாள், எழுந்து தாளத்துக்கு வட்டமாக ஓடுவாள், சாய்வாள். சற்று ஓய்வு, மறுபடி ஆட்டம். நாள் கணக்கில் போவதும் உண்டு. வாத்தியக்காரர்களுக்குக் கூலி தரவேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அது சின்னச் செலவில்லை. அப்புறம் ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளன்று, கலாத்தினா ஊரில் இருக்கும் புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போவார்கள்.

இதை 'வெறும் நம்பிக்கை' என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுந்து மறுபடி வேலைக்குப் போனாள், அது உண்மை. ஆனால் தாளம் தனியாக அதைச் செய்யவில்லை. அவளுக்கென்று மெட்டுத் தேடிய ஆட்கள், பார்த்துக்கொண்டு நின்ற அக்கம்பக்கம், செலவழிக்கச் சம்மதித்த குடும்பம், தேதி குறித்த ஒரு புனிதர், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை. அதுவும் ஒரு வருடத்துக்குத்தான் தாங்கியது. அவளை அழுத்திய வாழ்க்கை அப்படியே இருந்ததே.

இன்றைய பிட்சிக்கா வேறு சங்கதி. 1998 முதல் ஆகஸ்ட் மாதங்களில் சலென்டோவில் தரந்தா இரவு என்ற பெரிய இசைவிழா நடக்கிறது, மெல்பிஞ்ஞானோ ஊரில் ஏகப்பட்ட கூட்டம். யாரும் அங்கே நோயாளியாகப் போவதில்லை, ஆடத்தான் போகிறார்கள்.

உங்கள் மனைவி தாராளமாகப் போகட்டும், நல்ல ஆட்டம். தம்புரெல்லோவும் கற்றுத் தருவதாக இருந்தால் முதல் வாரம் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள், கைத்தோல் உரியும். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவர் என்றால் பயிலரங்கை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.