பள்ளிச் சத்துணவுக்கு உள்ளூர் விவசாயிகளிடம் காய்கறி வாங்க அரசு உதவுமா? எங்கள் பள்ளியில் எப்படித் தொடங்குவது?

நீங்களும் என்னைப் போல பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உள்ளூரில் வாங்க வேண்டாம் என்று அரசு எங்கேயும் சொல்லவில்லை. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபோதே, உள்ளூரில் கிடைக்கும் காய்கறிகளைப் போட்டு சாம்பார் வைக்க வேண்டும், வாரத்தில் 2 நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி தர வேண்டும் என்று அரசாணையில் எழுதியிருந்தார்கள். மதிய உணவுக்கு ஒன்றிய அரசின் அளவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. அரிசியும் பருப்பும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வந்துவிடும். காய்கறிதான் பள்ளியில் சத்துணவைக் கவனிக்கும் அமைப்பாளர் கையால் வாங்குவது. ஆக நாம் நுழைய முடிகிற இடம் அந்த 50 கிராம்தான்.

நாங்கள் இருப்பது வடசென்னையில், கொடுங்கையூர். என் நாத்தனாரைக் கொடுத்திருப்பது சோழவரம் பக்கம், அரை ஏக்கரில் கீரை போடுகிறார்கள். விடியற்காலை பறிக்கிற சிறுகீரை நேராகக் கோயம்பேட்டுக்குப் போய், அங்கிருந்து சில்லறைக் கடைக்கு வந்து, எங்கள் பக்கம் வந்து சேரும்போது பாதி இலை பழுத்திருக்கும். நடுவில் இருப்பது புழல் ஏரிதான், ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. இதை எங்கள் குழுக் கூட்டத்தில் சொன்னேன். சத்துணவு அமைப்பாளர் அக்கா பட்டென்று கேட்டார், "கீரை வேணாம்னு யாரும்மா சொன்னது? ஆயறதுக்கு ஆளு குடு."

நியாயம்தானே. 120 பிள்ளைகளுக்கு ஆய்ந்த கீரையே 6 கிலோ வேண்டும், சமையலறையில் இருப்பது இரண்டு பேர். அதனால் புதன்கிழமை காலையில் நாங்கள் நாலு அம்மாக்கள் போய் வராந்தாவில் உட்கார்ந்து ஆய்ந்தோம். மூன்று தண்ணீரில் அலசியும் அன்னக்கூடையின் அடியில் மண் படிந்திருந்தது. போதும் என்று நினைத்தோம், அக்கா விடவில்லை. "ஒரு புள்ள வாயில மண்ணு கடிபட்டா வருஷம் பூரா கீரையைத் தொடாது" என்று நாலாவது தண்ணீரிலும் அலசவைத்தார். அன்றைக்குப் பிள்ளைகள் தட்டு கழுவுகிற குழாயடியில் போய் நின்று பார்த்தேன். மற்ற நாளில் அங்கே முள்ளங்கியும் கத்திரிக்காயும் கிடக்கும். கீரைக் கூட்டு கிட்டத்தட்ட மிச்சமே இல்லை.

ஏழு வாரம் நடந்தது, எட்டாவது வாரம் நின்றுவிட்டது. காரணம் விலை இல்லை, சில நாள் கடையைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். அக்கா கைக்காசு போட்டு வாங்கி, பில் வைத்து, அப்புறம்தான் பணம் வரும். அந்தச் சமயம் மூன்று மாதப் பணம் வரவில்லை. கடை பில்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள், வயலில் ஏது பில் புத்தகம்? நாத்தனார் சொன்னது, "அண்ணி, பறிக்க வர்றவங்களுக்கு அன்னன்னைக்குக் கூலி குடுக்கணும். கோயம்பேட்டுல கையில காசு, வாயில தோசை." அவர் மேலும் எனக்குக் கோபமில்லை, அக்கா மேலும் இல்லை.

பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கியாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இங்கே "வாங்கலாம்" என்பதோடு நிற்கிறது. நான் எந்தக் கட்சியும் இல்லை, அரசைத் திட்டுவதற்காகவும் எழுதவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்த தியாகராயர் பேரில் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியே இருக்கிறது. அந்தப் பெருமை இருப்பதால்தான் கேட்கிறேன்.

"வடசென்னைக் கீரையா, சாக்கடைத் தண்ணியில விளைஞ்சது" என்று இங்கேயே யாராவது வந்து எழுதுவார்கள். இது சோழவரத்துக்கு அந்தப் பக்கம், போர் தண்ணீர், நான் வரப்பில் நின்று பார்த்தது. கொடுங்கையூர் என்றாலே எல்லோருக்கும் குப்பைமேடு மட்டும்தான் தெரிகிறது. ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறார்கள், வெயில் காலத்தில் அது பற்றிக்கொண்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே கிடப்பது நாங்கள். அதைக் கேட்க ஆளில்லை, கீரையைக் கேட்க மட்டும் வந்துவிடுகிறார்கள். சரி, அது வேறு கதை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் அமைப்பாளரிடம் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் அப்புறம் போகலாம். விவசாயியிடம் நேரடியாக வாங்காமல், வங்கிக் கணக்கும் பில் புத்தகமும் இருக்கிற மகளிர் சுயஉதவிக் குழு வழியாக வாங்கப் பாருங்கள். நாங்கள் தவறவிட்டது அதைத்தான். நாத்தனார் இப்போது அவர்கள் ஊர்க் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார். ஜூனில் பள்ளி திறந்ததும் புதன்கிழமை கீரை ஆய ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.