ரத்தசோகை டேட்டாவில் புராஜெக்ட் செய்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வளரிளம் பெண்களின் உடல்நலம் பற்றிய சர்வே டேட்டாவில் புராஜெக்ட் செய்ய ஆசை. அப்பாவோ, "அதுக்கெல்லாம் யார் வேலை கொடுப்பா? பேங்க் எக்ஸாமுக்குப் படி" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அப்பாவின் பயம் பாதி நியாயம்தான். ஆராய்ச்சி நிறுவனங்களில் உடல்நலத் தரவுகளை அலசும் உயிர்ப்புள்ளியியல் துறைக்கான ஆரம்பநிலை வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். மருந்துப் பரிசோதனை நிறுவனங்களில் நிலை சற்று மேல், ஆனால் அங்கே 'சாஸ்' (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள் தெரியுமா என்பார்கள். அரசு வேலைதான் வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. உங்கள் பட்டமே அதற்குப் போதும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாதிரியெடுப்பு அந்தத் தேர்வின் பாடத்திலும் உண்டு. அதனால் இந்த புராஜெக்டில் செலவிடும் நேரம் அங்கேயும் வீணாகாது.

மேற்படிப்புக்கு மும்பையில் ஐ.ஐ.பி.எஸ். (சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்), வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் இரண்டையும் பாருங்கள். தேசிய குடும்ப நல ஆய்வை நடத்தும் பொறுப்பே ஐ.ஐ.பி.எஸ்.ஸிடம்தான் இருக்கிறது. ஆனால் நேர்காணலில் உங்களைப் பிரித்துக் காட்டப்போவது மதிப்பெண் அல்ல, இந்த புராஜெக்டை எப்படிச் செய்தீர்கள் என்பதுதான்.

புராஜெக்டுக்கு அந்தக் குடும்ப நல ஆய்வின், 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றை எடுங்கள். டேட்டாவுக்கு அனுமதி கிடைக்கத் தாமதமாகலாம், அதனால் இப்போதே விண்ணப்பியுங்கள். 15-19 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 59.1 சதவீதம் என்கிறது அறிக்கை. அதை ஒட்டிய எண் உங்களுக்கும் வருகிறதா? அதுதான் முதல் வேலை. வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வராமல் போவதற்கு இரண்டு காரணங்கள் சகஜம். ஒன்று, எடை. உடல் எடை அல்ல, மாதிரியில் உள்ள ஒருவரை எத்தனை பேருக்குச் சமமாக எண்ணுவது என்ற அளவு. மாவட்டவாரியாக எண் தர வேண்டும் என்பதால் சின்ன மாவட்டத்திலிருந்தும் போதிய வீடுகளை எடுத்திருப்பார்கள். எடை போடாமல் கூட்டினால் அந்த மாவட்டங்களின் குரல் அளவுக்கு மீறி ஒலிக்கும். எடை மாறியை (வி005) பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, ஹீமோகுளோபின் மாறி (வி456). அதில் 115 என்றால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11.5 கிராம். 994 என்றால் ஆள் இல்லை, 995 என்றால் மறுத்துவிட்டார், 996 என்றால் வேறு காரணம். இவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால், ரத்தம் தர மறுத்த பெண்ணுக்கு 99.5 கிராம் ஹீமோகுளோபின் வந்துவிடும்! அவர் ஆரோக்கியமானவர் பட்டியலிலும் சேர்ந்துவிடுவார். கர்ப்பிணிக்கு எல்லை 11, மற்றவர்களுக்கு 12 என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம். 15-19 வயதினர் மட்டும் போதும் என்று மற்ற வரிசைகளையெல்லாம் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். சதவீதம் சரியாகவே வரும், பிழை அளவு தவறிவிடும். ஒரு கிராமத்தின் மாதிரியில் அந்த வயதுப் பெண் யாருமே இல்லாவிட்டால் அந்தக் கிராமமே டேட்டாவிலிருந்து காணாமல் போகும். ஒரு அடுக்கில் (மாதிரி எடுக்கும் முன்பே பிரித்துவைத்த பிரிவில்) ஒரே கிராமம் மிஞ்சினால் 'ஆர்' மென்பொருள் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். அப்போது இணையத்தில் கிடைத்த ஒரு வரியை ஒட்டிப் பிழைச்செய்தியை அடக்குவதும் வழக்கம். அது வைத்தியம் ஆகாது. முழு டேட்டாவுக்கும் எடை, கிராமம் அல்லது நகரப் பகுதி (வி021), அடுக்கு மூன்றையும் சொல்லி வடிவமைப்பை அமைத்துவிட்டு, அதற்குப் பிறகே வயதை வடிகட்டுங்கள்.

ஒரே கிராமத்துப் பெண்கள் ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்கள், அதனால் ஒருவருடைய தகவல் இன்னொருவருடையதை ஓரளவு திரும்பச் சொல்வதுதான். பள்ளிக்கூட சர்வேயில் இது இன்னும் கூடுதல். வகுப்புக்கு 30 பேர், ஒரே வகுப்பினர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒற்றுமைக் கெழு 0.05 என்று வைத்தால், வடிவமைப்பு விளைவு (தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + 29 × 0.05 = 2.45. நீங்கள் கேட்டது 1,500 பேரை என்று வையுங்கள். கையில் இருப்பதோ ஏறத்தாழ 612 பேருக்குரிய தகவல்.

ரத்தசோகை உண்டா இல்லையா என்பதோடு தொடர்புள்ள காரணிகளைப் பார்க்க லாஜிஸ்டிக் மாடல் போடாதவர் இல்லை. ஆனால் ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும்போது அது தரும் ஆட்ஸ் விகிதம் (நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, இரு குழுக்களையும் ஒப்பிடுவது) ஏமாற்றும். உதாரணத்துக்கு, கிராமத்தில் 60 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்று வையுங்கள். ஆட்ஸ் விகிதம் 1.5 வரும். அதைப் பார்த்து 'ஒன்றரை மடங்கு' என்று எழுதினால் தவறு, உண்மையில் 1.2 மடங்குதான். சதவீதங்களையே ஒப்பிடும் பரவல் விகிதத்தைத் தரும் மாடலைப் போடுங்கள். மெலிவையும் சேர்ப்பதாக இருந்தால் பெரியவர்களுக்கான 18.5 பி.எம்.ஐ. எல்லையை 15 வயதுப் பெண்ணுக்கு வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வயதுவாரி அளவுகள் 19 வயது வரை இருக்கின்றன.

நேர்காணலில் மடக்கும் கேள்வி ஒன்று: "2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 10-19 வயதுப் பெண்களில் 40 சதவீதம் என்கிறதே, உங்களுக்கு ஏன் 59?" வயது வரம்பு வேறு என்பது பாதி பதில். அங்கே நரம்பில் ரத்தம் எடுத்தார்கள், இங்கே விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறையும். இந்த மீதிப் பாதியையும் சொல்லத் தெரிந்தவர், எண்களை அச்சிட்டதோடு நிற்கவில்லை என்று கேட்கிறவருக்குப் புரியும்.

போகும்போது இரண்டு பக்கச் சுருக்கமும் நீங்களே எழுதிய கணினி நிரலும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் எடை போடாத ஆள் எண்ணிக்கையை அச்சிடுங்கள். 25 பேருக்கும் குறைவான கட்டத்தில் சதவீதமே வேண்டாம், கோடு போட்டுவிடுங்கள்.