உறைக்குள் தங்கிய ஈரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பயன்படுத்தும் வெட்டுகத்தியை இடுப்பில் மாட்டிக்கொள்வதற்காக, ஆனி மாதத்தில் நானே ஒரு தோலுறை தைத்தேன். தோலை நனைத்துக் கத்தியின் மேல் அழுத்தியதும் அழகாக வடிவம் பிடித்தது. மறுநாளே உள்ளும் புறமும் தேங்காய் எண்ணெயும் மெழுகும் பூசினேன். ஒரே மாதத்தில் உறை தொளதொளத்துவிட்டது. வாய்ப்பக்கம் கருநீலக் கறையும் உள்ளே பூசணமும், கத்தியில் துருப்புள்ளிகளும் தோன்றிவிட்டன. கடைக்காரர் மட்டமான தோலைக் கொடுத்துவிட்டாரா?

வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் மேல் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நனைத்து அழுத்தியதும் வடிவம் பிடித்து நின்றது என்றால், அது மரப்பட்டையின் துவர்ப்பில் பதனிட்ட தோலாகத்தான் இருக்க வேண்டும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் அவ்வாறு எளிதில் நிற்பதில்லை. கருநீலக் கறையும் அதையே சொல்கிறது. துவர்ப்புள்ள தோலில் ஈர இரும்பு பட்டால் இந்த நிறம் வரும். முன்பு துவர்ப்புள்ள கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை செய்ததும் இதே வினையால்தான். ஆகவே உங்கள் உறைக்குள் நடந்தது மை காய்ச்சும் வேலை. அதற்கு வேண்டிய தண்ணீரை நீங்களே உள்ளே வைத்து மெழுகால் அடைத்துவிட்டீர்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கொடியில் போட்ட வேட்டியே ஒரு நாளில் காய்வதில்லை. மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள தோல், அதுவும் தையலோரத்தில் இரண்டு மடங்காகச் சேர்ந்திருக்கும் இடத்தில், எப்படிக் காயும்? நனைப்பதற்கு முன் தோலைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலில் காற்றாட வைத்து, மறுபடி அந்த எடைக்கு வரும்வரை எதையும் பூசாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிகிறதா, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு ஒருமுறை ரப்பர் ஷீட் காயப்போடும் புகையறையில் ஈர உறையைத் தொங்கவிட்டேன். மறுநாள் அது சுட்ட அப்பளம்போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

எண்ணெய் மிகுந்தால் பிடித்த வடிவம் தளர்ந்துவிடும் என்பதால், வெளிப்பக்கம் மட்டும் துணியில் தொட்டு ஒருமுறை தேய்த்தால் போதும். உட்பக்கத்தில் எதுவும் வேண்டாம். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, விரலால் சிறிது நீர் தொட்டு, வழவழப்பான கட்டைத் துண்டால் புளியங்கொட்டைபோல மினுங்கும்வரை உரசி, பிறகு தேன்மெழுகைத் தேய்த்து மறுபடி உரசுங்கள். மெழுகுக்கு மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களைக் கேட்டால் நல்லதாகவே கிடைக்கும்.

விளிம்பில் இரண்டு தோல்களுக்கும் நடுவே ஒரு தோல்வாரை வைத்துத் தைத்தீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் கத்தியின் வாய் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த உறையில் மறக்க வேண்டாம்.

இப்போதுள்ள உறையின் பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வாயை விரித்து நிழலில் சில நாள் வையுங்கள். கறை முழுதாகப் போகாது, போகாவிட்டாலும் குற்றமில்லை. தோட்டத்திலிருந்து வந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவித் தனியே ஆணியில் மாட்டுங்கள். உறை வேறோர் ஆணியில் தொங்கட்டும்.