கண்டியிலிருந்து பதுளை போகும் ரயிலில் எந்தப் பக்க யன்னல் நல்லது?

கண்டியில் ஏறிப் பதுளைப் பக்கம் போகிறவர்களுக்கு, ரயில் போகும் திசையைப் பார்த்தபடி நின்று சொல்வதானால்: நானுஓயா வரை வலது, பட்டிப்பொல தாண்டினால் இடது. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்.

காரணம் மலையின் அமைப்பு. நாவலப்பிட்டி தாண்டியதும் பாதை ஏறிக்கொண்டே போகும். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் வலப்பக்கம், தென்மேற்கே, சிவனொளிபாத மலை தெரியும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காலை நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால்தான் அந்தக் கூம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். வெயில் ஏறினால் முகில் மூடிவிடும். தலவாக்கலைக்கு மேலே தேயிலை மலைகள் கீழே இறங்கிப் போகும் பள்ளத்தாக்கும் வலப்பக்கமே.

பட்டிப்பொலவுக்கும் ஓஹியவுக்கும் இடையில் சுமார் 1,898 மீட்டர் உயரத்தில் பாதையின் உச்சி இருக்கிறது. அங்கே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊவா மாகாணம். மேற்குப் பக்கம் மழை கொட்ட, இந்தப் பக்கம் வெயில் அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை சாதாரணமாக நடக்கும். தென்மேற்குப் பருவ மழையை மலை மறித்துவிடுகிறது. ஒக்டோபருக்குப் பிறகு ஊவாவுக்கும் மழை வரும். ஆகவே மேற்கே மூடிக் கிடக்கிறது என்று பயணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இதல்கஸ்ஹின்னவும் அப்புத்தளையும் மட்டும் விதிவிலக்கு. மலை முதுகின் மேலேயே ரயில் போவதால் இடப்பக்கம் ஊவாவின் மேடு பள்ளம், வலப்பக்கம் தெற்குச் சமவெளி வரை சரிவு. இந்தப் பாதையில் என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஓர் இடம் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், எழுந்து நில்லுங்கள். ஒரே ஆசனம்தான் கிடைக்கும் என்றால், கண்டியில் ஏறுகிறவர் வலது கேளுங்கள், நானுஓயாவில் ஏறுகிறவர் இடது கேளுங்கள். முற்பதிவில்லாத பெட்டியில் நானுஓயாவில் நுவரெலியா போகிற கூட்டம் இறங்கும்போது பக்கம் மாறிக்கொள்ளலாம். ஆனால் எல்ல ஊருக்குப் போகிற கூட்டம் அங்கேதான் ஏறும், சட்டென்று மாறுங்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொடி மெனிகே என்ற ரயில் கண்டிக்குள் போய், வந்த வழியே திரும்புகிறது. பின்பக்கம் முன்பக்கமாகிவிடும், வலது இடதாகிவிடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் பத்தலேகல குன்று தெரிவது வலப்பக்கம். அதைப் பார்க்க வலது எடுத்தால், கண்டிக்குப் பிறகு பள்ளத்தாக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம். உடரட்ட மெனிகே என்ற ரயில் கண்டிக்குள் போகாமல் பேராதனையிலிருந்து நேராகப் போவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

வகுப்பைப் பற்றி: முதல் வகுப்பு குளிரூட்டிய பெட்டியின் யன்னல் திறக்காது. படம் எடுத்தால் உள்ளே இருக்கும் விளக்கும் உங்கள் சட்டையும் கண்ணாடியில் விழும். லென்சைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்தால் குறையும். காட்சிக்காகவே போகிறீர்கள் என்றால் இரண்டாம் வகுப்பு, யன்னல் திறக்கும். ஏறியதும் இரண்டு யன்னலுக்கு நடுவில் உள்ள தூண் உங்கள் வரிசைக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். யன்னல் ஆசனம் என்று சீட்டில் இருந்தும் தகரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் மெதுவாகப் போனாலும் பக்கத்துச் செடி மங்கலாகத்தான் விழும். கமராவில் ஷட்டர் வேகத்தை 1/500 வினாடி அல்லது அதைவிட வேகமாக வைத்துத் தூரத்தைக் குறிவையுங்கள்.

வளைவில் முழு ரயிலையும் படம் எடுக்க விரும்பினால் கடைசிப் பெட்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். மிதிபலகையில் தொங்க வேண்டாம். சுரங்கச் சுவரும் வெட்டிய பாறையும் பெட்டிக்குக் கை எட்டும் தூரத்தில்தான் போகும்; அப்படித் தொங்கி உயிர்விட்டவர்கள் உண்டு.

எல்லவில் இறங்கிவிடாதீர்கள். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில்தான் இருக்கிறது. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் அடித்து இறங்கி, அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். பதுளை வரை சீட்டு எடுங்கள்.

கன மழைக்குப் பிறகு மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.